நால்வருக்கும் ஒரே வரி

பதினெட்டு வருடமாகப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். பேசியதில்லை. மதுரையில் எங்கள் கல்லூரியில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுக்கிற பிள்ளைகள் மார்க்குக்காக எடுக்கிறார்கள். நானும் மார்க் வருகிற மாதிரிதான் நடத்துகிறேன். எந்த வினைச்சொல்லுக்கு எந்த விகுதி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரு காப்பி கேட்டு வாங்கத் தெரியாது. இப்படிப்பட்ட என்னைத்தான் ஜூன் மாதம் நாலு வாரப் பயிற்சிக்குப் பாரிஸுக்கு அனுப்பினார்கள். திரும்பும்போது சான்றிதழ் கொண்டுவர வேண்டும். அதை வைத்துத்தான் என்னைத் துறைத்தலைவர் ஆக்குவதாகப் பேச்சு. துறையில் இருப்பது இரண்டே பேர் என்றாலும் தலைவர் தலைவர்தான்.

தங்கியது ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், புவனா அக்கா வீட்டில் ஓர் அறை. அக்காவுக்கு ஊர் யாழ்ப்பாணம்; இங்கே ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறுகிற வேலை. கணவர் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரர். பதினைந்து வயதில் ஆரபி என்று ஒரு மகள். வீட்டுக்குக் கீழே காய்கறிக்கடை. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாசலிலேயே கிடக்க, ஜன்னலுக்கு வெளியே மெட்ரோ பாலத்தின் மேல் கடகடவென்று போகும். முதல் நாள் காலையில் புட்டும் சம்பலும் தந்து, "ரீச்சர், பயப்பிடாமப் போட்டு வாங்கோ, ஸ்டேசன் பக்கத்திலதான்" என்று அனுப்பி வைத்தார்.

பக்கத்தில்தான். ஆனால் கார் து நோர் ரயில் நிலையத்தின் அடியில் இறங்கியதும் எனக்குத் திசை போய்விட்டது. வகுப்பு இருந்தது லுக்ஸம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில்; நான் கூட்டம் தள்ளிய ரயிலில் ஏறினேன். சுரங்கத்துக்குள் போக வேண்டிய ரயில் வெளிச்சத்துக்கு வந்து, அடுக்குமாடிகளைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் ஒருவர் கைப்பேசியில், "ஓம், பின்னேரம் வாறன்" என்று பேசுவது கேட்டு அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணா, இது லுக்ஸம்பூர் போகுமா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்தியாவோ? அக்கா, இது சார்செல் போற ரெயின். நீங்கள் நேர் எதிர்ப்பக்கம் வந்திட்டியள். இறங்கி அங்காலப் பக்கம் போய் நில்லுங்கோ."

சார்செலில் இறங்கி, எதிர் நடைமேடைக்கு ஓடி, மறுபடி பாரிஸைக் குறுக்காகக் கடந்து வகுப்புக்குப் போய்ச் சேரும்போது முக்கால் மணி நேரம் தாமதம். நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டிருந்தார்கள். மிச்சமிருந்தது கடைசி நாற்காலி. அதற்குப் பக்கத்தில் ஒரு சீனப் பெண், மடியில் நோட்டு.

ஆசிரியர் மதாம் வாஸர் கோபிக்கவில்லை. ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் சிவப்புத் துணி, நின்ற இடத்தில் நிற்காத கால்கள். நல்ல ஆசிரியர்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "இந்த வகுப்பில் எழுத்துக்குப் பாதி மதிப்பெண், பங்கேற்புக்குப் பாதி" என்றார். "பேசுகிறவர்தான் வகுப்பில் இருக்கிறார். பேசாதவர் வரவில்லை என்றே எடுத்துக்கொள்வேன்." பிறகு என்னைப் பார்த்து, "வேலை மனிதனுக்கு மகிழ்ச்சி தருகிறதா? இந்தியா என்ன நினைக்கிறது?" என்று கேட்டார்.

இந்தியா வியர்த்துக்கொண்டிருந்தது. எல்லா விகுதியும் ஞாபகம் இருந்தது, ஒரு வாக்கியம் வரவில்லை. அப்போது அந்தச் சீனப் பெண் நோட்டை ஓர் அங்குலம் என் பக்கம் நகர்த்தினாள். குண்டு குண்டான எழுத்தில் இரண்டு வரி: 'வேலை மகிழ்ச்சி தருவதில்லை. வேலை இல்லாதபோதுதான் அது தந்தது என்னவென்று தெரிகிறது.' அதை அப்படியே வாசித்தேன். மதாம் கைதட்டாத குறை. "பாருங்கள்! தாமதமாக வந்தாலும் என்ன துணிச்சல்!" என்று தன் தாளில் ஒரு குறி போட்டார்.

அந்தப் பெண்ணின் பெயர் ஷூஜென். இருபத்து மூன்று வயது. லான்ஜோ என்ற ஊர், அப்பா ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். நீர் மேலாண்மையில் முதுகலை படிக்க இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. ஆனால் இந்த வகுப்பில் இருபதுக்குப் பன்னிரண்டு வாங்கினால்தான் அது உறுதி. எனக்கும் சான்றிதழுக்கு அதே பன்னிரண்டுதான்.

மறுநாளும் நோட்டு நகர்ந்தது. அதற்கடுத்த நாளும். நான் கேட்கவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. நான் திணறும்போது அவள் எழுதிக் காட்டினாள், நான் வாசித்தேன். அப்படித்தான் என் துணிச்சல் வளர்ந்தது. முதல் வாரக் கடைசியில், நோட்டைப் பார்க்காத சமயங்களிலும் உளற ஆரம்பித்தேன். ஆண்பால் பெண்பாலைத் தப்பாகச் சொன்னாலும் மதாமுக்குச் சந்தோஷம்.

பிரெஞ்சுக்காரர்களின் பேச்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாவது வாரம் ஒரு காலையில், எங்கள் ரயில் சுரங்கத்துக்குள் நின்றுவிட்டது. யாரோ பையை மறந்துவிட்டுப் போனதாக அறிவிப்பு. இருபது நிமிடம். மதுரை பஸ் இருபது நிமிடம் நின்றிருந்தால் இரண்டு கல்யாணம் பேசி முடித்திருப்போம். இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் பக்கத்து அம்மாளிடம், "இப்படி அடிக்கடி நடக்குமா?" என்று கேட்டேன், இலக்கணம் சுத்தம். அவர் என் கை அவர் பையில் இருப்பதுபோல் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பினார். ரயிலில் பேசினால் அநாகரிகம், வகுப்பில் பேசாவிட்டால் ஆளே இல்லை. எங்கே வாயை மூட வேண்டும், எங்கே திறக்க வேண்டும் என்ற சட்டத்தை அவர்களே வைத்துக்கொண்டு, தெரியாதவருக்குக் கூச்சம் என்று பெயர் வைக்கிறார்கள்.

மத்தியானம் லுக்ஸம்பூர் பூங்காவில் சாப்பிடுவோம். முதல் நாள் ஒரு ரொட்டி வாங்கிக் கடித்து மேலண்ணம் கிழிந்ததிலிருந்து நான் புவனா அக்காவின் இடியப்பத்துக்கு மாறிவிட்டேன். ஷூஜென் ஒரு டப்பாவில் நூடுல்ஸ் கொண்டுவருவாள். பச்சை இரும்பு நாற்காலிகளை நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்காருவோம். ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"இவ்வளவு தெரிந்துவைத்துக்கொண்டு நீ ஏன் பேசுவதில்லை?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. நான் மதுரைக்காரி, இடைவெளி விட்டால் நானே நிரப்பிவிடுவேன். அன்று நாக்கைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"எனக்குக் கூச்சம் இல்லை" என்றாள். "மதாம் கேள்வி கேட்கிறார். நான் யோசிக்கிறேன். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் தியாகோ ஆரம்பித்துவிடுவான். தியாகோ முடிக்கும்போது மதாம் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். எனக்கு ஆறு எண்ண வேண்டும். ஆறு எண்ணினால் நல்ல பதில் இருக்கிறது."

தியாகோ பிரேசில்காரன். எதைப் பற்றியும் எப்போதும் பேசுவான், நல்ல மனசு. ஒருநாள் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசிவிட்டு, தான் அதைப் படிக்கவில்லை என்றும் சொன்னான். அதற்கும் ஒரு குறி விழுந்தது.

வகுப்பில் சீனர்கள் நாலு பேர். நாலு மௌனமும் நாலு விதம். போயுவான் என்ற பையன் வராந்தாவில் பாட்டுப் பாடுகிறவன். முதல் வாக்கியத்திலேயே அவன் உச்சரிப்பை மூன்று தடவை திருத்தினார்கள், அன்றோடு வகுப்பில் நிறுத்திவிட்டான். ஒரு பெண்ணுக்கு உண்மையிலேயே பிரெஞ்சு போதாது. இன்னொருத்தி, "மகிழ்ச்சியைப் பற்றி இத்தனை பேர் முன்னால் பேச எனக்கு விருப்பமில்லை" என்று என்னிடம் பளிச்சென்று சொன்னாள். நாலாவது ஷூஜென்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை இடைக்கால அறிக்கை வந்தது. ஆளுக்கொரு உறை. எனக்குப் பங்கேற்பில் இருபதுக்குப் பதினேழு. கீழே மதாமின் குறிப்பு: 'தன்னியல்பானவர், துணிச்சலானவர், வகுப்புக்கு உயிர் தருகிறார்.' பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு திரும்பினேன். ஜன்னலோரம் சீனப் பிள்ளைகள் நாலு பேரும் தங்கள் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷூஜென் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

'கூச்ச சுபாவம். ஓட்டிலிருந்து வெளியே வர வேண்டும்.'

நாலு தாளிலும் அதே வரி. ஒரு புள்ளிகூட மாறவில்லை. பங்கேற்பில் நாலு பேருக்கும் நாலே மதிப்பெண். ஷூஜென்னுக்கு எழுத்தில் பதினெட்டு, வகுப்பிலேயே அதுதான் அதிகம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் பதினொன்று.

"ஒன்று குறைகிறது" என்றாள்.

எனக்கு இடியப்பம் இறங்கவில்லை. அந்தப் பதினேழில் முக்கால்வாசி அவளுடைய வாக்கியம். அவள் யோசித்ததற்கு அவளுக்கு நாலு, நான் வாசித்ததற்கு எனக்குப் பதினேழு. இன்னொன்றும் உறுத்தியது. எங்கள் கல்லூரியில் நான் இதே வேலையைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறேன். வாயாடிப் பெண்களை எழுப்பிக் கடைசி பெஞ்சில் போட்டு, உள்மதிப்பீட்டில் கைவைத்து, அமைதியாக இருப்பவளுக்கு 'நல்ல பிள்ளை' என்று ஐந்துக்கு ஐந்து போட்டவள் நான். மதாமும் நானும் ஒரே ரகம். நாங்கள் மார்க் குறைத்த வாய்கள்தான் வேறு.

அன்று சாயங்காலம் வீட்டில் சத்தம். ஆரபியின் பள்ளிக்கூட அறிக்கையும் வந்திருந்தது. புவனா அக்கா அதை மேசையில் விரித்து வைத்திருந்தார்.

"ரீச்சர், இதை ஒருக்கா வாசியுங்கோ. எனக்கு விளங்கினது சரியோ எண்டு பாருங்கோ."

வாசித்தேன். கணக்கில், அறிவியலில் நல்ல மதிப்பெண்கள். கீழே, 'தீவிரமான மாணவி. வாய்மொழியில் இன்னும் பங்கேற்க வேண்டும்.'

"மூண்டு வருசமா அவையள் இதைத்தான் எழுதினம்" என்றார் அக்கா. "வீட்டில இவள் கதைக்கிற கதைக்கு வாய் மூடுறேல்லை. பிறகு ஏன் அங்கை?"

ஆரபி கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல் பிரெஞ்சில் சொன்னாள்: "கை தூக்குகிறேன் அம்மா. ஆசிரியர் கண் என்னைத் தாண்டிப் போகிறது. எத்தனை தடவை தூக்குவது? கை வலிக்கிறது."

"கேட்டியளோ?" அக்கா என்னிடம் திரும்பினார். "போன வருசம் நான் இவளின்ர ரீச்சரைப் பாக்க நேரம் கேட்டு, ரந்தெவு எடுத்துப் போனனான். 'என்ர பிள்ளை கை தூக்கின நாளில நீங்கள் கேக்காம விட்டதை எங்க எழுதி வச்சிருக்கிறியள், காட்டுங்கோ' எண்டு கேட்டனான். என்ர பிரெஞ்சுக்கு அவ சிரிச்சவ. நான் எழும்பேல்லை. அவ பதில் சொல்லுமட்டும் கதிரையில இருந்தனான்."

"பதில் சொன்னாங்களாக்கா?"

"இல்லை. ஆனா சிரிப்பு நிண்டது."

மறுநாள் ஷூஜென்னிடம் சொன்னேன், மதாமிடம் போய் உன்னைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று. அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அப்போதுதான். முகம் சிவக்கவில்லை, குரல் உயரவில்லை. நூடுல்ஸ் டப்பாவை மூடிவைத்தாள்.

"எனக்குப் பதிலாக நீங்கள் பேசாதீர்கள். 'பாவம், அவளுக்குப் பேச வராது' என்றுதான் அது முடியும். எனக்குப் பேச வரும்."

"அப்படியானால் என் பதினேழை நான் என்ன செய்வது?"

அவள் எண்ணிக்கொண்டாளா தெரியாது, நான் காத்திருந்தேன்.

"அது உங்களுடையது. உங்களைப் பற்றி நீங்கள் பேசலாம். என்னைப் பற்றி நான் எழுதுகிறேன்."

அந்த வாரம் சனிக்கிழமை மத்தியானம் அவள் லா ஷப்பலுக்கு வந்தாள். பாலத்துக்கு எதிரே ஒரு கடையில் மட்டன் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். கடைக்கார அண்ணை, "பிள்ளைக்கு உறைப்புச் சரியோ?" என்று கேட்டு, நான் அவளுக்குப் பிரெஞ்சில் சொன்னதும் பதிலுக்காகக் கல்லாவை விட்டுவிட்டு நின்றார். அவள் மென்று, விழுங்கி, "உள்ளே நன்றாக இருக்கிறது. வெளியே எண்ணெய் அதிகம்" என்று பிரெஞ்சில் தீர்ப்புச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே, "ஓம், இண்டைக்குக் கொஞ்சம் கூடிப்போச்சு" என்று இன்னொன்று வைத்தார்.

பிறகு புவனா அக்கா வீட்டு மேசையில் உட்கார்ந்து அவள் கடிதத்தை எழுதினாள். ஒரே பக்கம். நாலு அறிக்கைகளின் நகல்களையும் அதோடு பின் செய்தாள். மற்ற மூவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் ஆசிரியை என்பதால் திருத்துவதற்காகச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். திருத்த ஒன்றும் இல்லை.

கடைசி வாரம் வியாழக்கிழமை பத்து மணிக்குப் பயிற்சியின் ஒருங்கிணைப்பாளரைப் பார்க்க நேரம் கிடைத்தது. அன்று பார்த்து ரயிலை ஷத்லே ஸ்டேஷனில் நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். காரணம் யாருக்கும் தெரியவில்லை. வெளியே வந்து, ஆற்றைக் கடந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வகுப்புக்குப் போகிற ஏற்றம் முழுக்க நடந்தேன், பாதி ஓட்டம். அன்றைக்கென்று சேலை கட்டியது என் வீம்பு. பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது உள்ளே நுழைந்தேன்.

ஒருங்கிணைப்பாளர் வழுக்கைத் தலையோடு ஒரு நிதானமான மனிதர். பக்கத்தில் மதாம் வாஸர், கைகளைக் கட்டிக்கொண்டு. நான் முதலில் பேசினேன். பயத்தில் விகுதிகள் எல்லாம் சரியாக வந்தன.

"என் பங்கேற்பு மதிப்பெண் தவறு. நான் சொன்ன நல்ல வாக்கியங்கள் என்னுடையவை அல்ல. பார்த்து வாசித்தேன். அதை நீங்கள் துணிச்சல் என்றீர்கள். குறைத்துப் போடுங்கள்."

மதாமின் முகம் மாறியது. "யாருடையவை?"

"என்னைப் பற்றி மட்டும்தான் நான் பேச வந்தேன்."

ஷூஜென் கடிதத்தை மேசையில் வைத்தாள். ஒருங்கிணைப்பாளர் அதைத் தொடாமல், "நீங்களே சொல்லுங்களேன், மத்மொசெல். இதுதானே பிரச்சினை? பேசுங்கள்" என்றார், அன்பாகத்தான்.

"இல்லை" என்றாள் ஷூஜென். "எல்லாம் எழுதியிருக்கிறேன். படியுங்கள்."

அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். கீழே தெருவில் ஒரு லாரி பின்னோக்கிப் போகும் ஒலி. மதாம் நாற்காலியில் அசைந்தார். "இதை நாம் கலந்து பேசி..." என்று ஆரம்பித்தார். ஒருங்கிணைப்பாளர் தாளிலிருந்து கண்ணெடுக்காமல் ஒரு விரலை உயர்த்தினார். "நான் படிக்கிறேன்."

ஷூஜென் கைகளை மடியில் வைத்து நேராக உட்கார்ந்திருந்தாள். அந்த அறையில் சங்கடமே இல்லாமல் இருந்தது அவள் ஒருத்திதான். அவர் முடித்துவிட்டு, நகல்களைப் புரட்டி, மறுபடி முதல் பக்கத்துக்கு வந்து, ஒரு பகுதியைச் சத்தமாக வாசித்தார்:

"'கேள்வி கேட்டபின் நீங்கள் இரண்டு எண்ணும் நேரம் காத்திருக்கிறீர்கள். எனக்கு ஆறு வேண்டும். மீதி நாலுக்காக என்னிடமிருந்து எடுக்கப்படுவது இரண்டு வருடப் படிப்பு. நாங்கள் நாலு பேர் நாலு காரணத்துக்காகப் பேசவில்லை. அந்தக் காரணங்களில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை. நீங்கள் எழுதியது எங்கள் நாட்டைப் பற்றி நீங்கள் முன்பே நினைத்துக்கொண்டிருந்தது.'"

மதாமிடம் தாள்களை நகர்த்தினார். "இந்த வரியை நகலெடுத்தீர்களா?"

மதாம் வாஸர் நாலையும் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். "ஆமாம்" என்றார். "பதினெட்டு அறிக்கைகள் எழுத வேண்டியிருந்தது. இந்த நாலையும் சேர்த்தே எழுதினேன்." பிறகு ஷூஜென்னைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்டும்விட்டார். "வகுப்பில் என்னிடம் இதைச் சொல்லியிருக்கலாமே?"

கேட்டபின் காத்திருந்தார். முதல் தடவையாக.

"சொல்லியிருக்கலாம்" என்றாள் ஷூஜென் கடைசியில். "நீங்கள் கேட்டிருக்கலாம்."

விதியை மாற்ற முடியாது, ஆனால் காரணம் காட்டாத மதிப்பெண் செல்லாது என்று ஒருங்கிணைப்பாளர் முடிவு சொன்னார். நாலு பேருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை மதாம் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, கேள்வியை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்து, பத்து நிமிடம் கழித்துப் பதில் கேட்டார். போயுவான் வெளியே வந்து, "ஒரு தடவைகூடத் திருத்தவில்லை" என்று வராந்தா முழுக்கச் சொன்னான். பிரெஞ்சு போதாத பெண் தேறவில்லை, அவளே எதிர்பார்த்ததுதான். மகிழ்ச்சியைப் பற்றிப் பேச விரும்பாதவள் அப்போதும் விரும்பவில்லை, வேறு கேள்வி வாங்கிக்கொண்டு ஒப்பேற்றினாள். ஷூஜென்னுக்குப் பத்து. 'யோசித்துப் பேசுகிறார்' என்று புதிய வரி. மதாமால் பத்துக்கு மேல் போக முடியவில்லை போலிருக்கிறது. நான் கொதித்தேன். ஷூஜென், "பதினெட்டும் பத்தும் பதினாலு. போதும். மீதியைப் பல்கலைக்கழகத்தில் பார்த்துக்கொள்கிறேன்" என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

என்னையும் அழைத்தார்கள். துண்டுத் தாளும் பத்து நிமிடமும் எனக்கும் உண்டு. நோட்டு மட்டும் இல்லை. கேள்வி, நல்ல ஆசிரியர் யார் என்பது. பதினெட்டு வருட அனுபவத்தை வைத்துக்கொண்டு ஐந்தாறு வாக்கியம் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். மதாம் பொறுமையாகக் கேட்டார். பதினேழு ஆறானது. எழுத்தில் நான் வாங்கியிருந்தது பன்னிரண்டு. ஆக ஒன்பது. சான்றிதழ் இல்லை, ஒழுங்காக வகுப்புக்கு வந்தார் என்று மதிப்பெண்ணோடு ஒரு கடிதம் மட்டும்.

மதுரைக்கு வந்த மூன்றாம் நாள் முதல்வர் அறைக்குப் போனேன். கடிதத்தை அவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார்.

"என்ன மேடம் இது, ஒன்பதுதானா? இருபதுக்கா?"

"ஆமா சார்."

"இத வச்சு உங்கள எப்படி ஹெச்.ஓ.டி. ஆக்குறது?"

"ஆக்க வேண்டாம் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். என்மேல் உண்மையிலேயே அக்கறை உள்ளவர். "மார்க்கப் பத்தி அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாத்திருக்கலாமே மேடம்?"

"பேசினேன் சார்" என்றேன். "பதினாலரை போட்டிருந்தாங்க. பேசித்தான் ஒன்பதாக்கினேன்."